புனர்பூசம் உச்சிக்கு வரும் இரவு: பழனி மலையில் எரிமீன் எண்ணுதலும் விண்கல் சேர்த்தலும்

மார்கழி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, டிசம்பர் 13, 14 இரவுகளில், ஜெமினிட் பொழிவு உச்சத்தைத் தொடும். ஆண்டு முழுக்க வரும் எரிமீன் பொழிவுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் விழித்திருக்க முடியும் என்றால் இதற்கு விழித்திருங்கள். எரிமீன்கள் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். அந்த இடத்தைக் கதிர்ப்புள்ளி என்கிறோம். பழனி மலைத்தொடரின் மேலிருக்கும் கொடைக்கானலில் அது இரவு 8 மணிவாக்கில் வடகிழக்கில் எழும். 10 மணிக்கு ஏறத்தாழ 27 டிகிரி உயரத்தில் இருக்கும். அதிகாலை 2.15 வாக்கில் வடக்குப் பக்கமாக 67 டிகிரி வரை ஏறி நிற்கும். 8 மணிக்கு வெளியே வந்து அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று படுக்கப் போகிறவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான். நள்ளிரவு முதல் 4 மணி வரை உட்காருங்கள்.

ஆகஸ்ட் 12, 13-இல் வரும் பெர்சீட் உலகப் புகழ் பெற்றது. நம் மலைக்கு அது அவ்வளவு பொருந்தாது. அதன் கதிர்ப்புள்ளி வடக்கே மிகவும் தள்ளி இருக்கிறது. 10 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு விடியற்காலை 5 மணிக்குக்கூட அது 40 டிகிரிதான் ஏறும். போதாததற்கு ஆடி மாதச் சாரல், மேகம். 2026-இல் ஆகஸ்ட் 12 அமாவாசை என்பதால் நிலவுத் தொந்தரவு இல்லை, மேகம் விட்டால் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பர் 9 அமாவாசை. ஜெமினிட் இரவில் பிறை 11 மணிக்குள் மறைந்துவிடும், நல்ல நேரம் முழுவதும் இருட்டு கிடைக்கும். மே 5, 6 விடியலில் வரும் ஈட்டா அக்வாரிட் வடநாட்டவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அக்டோபர் 21-இன் ஓரியனிட், நவம்பர் 17-இன் லியோனிட் இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்குள் சிக்கிக்கொள்ளும். அவற்றுக்கென்று விடுப்பு எடுக்க வேண்டாம்.

இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரவைக் கெடுப்பது பெரும்பாலும் இடத் தேர்வுதான். கொடைக்கானல் ஊருக்குள் ஏரியைச் சுற்றி விளக்குகள். தெற்கு விளிம்பில் போய் நின்றால் கீழே பெரியகுளம், தேனிப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைக்கும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் மேற்கே போகப் போக இருட்டு கூடும். பேரிஜம் காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இரவில் அங்கே இருக்க அனுமதி இல்லை. எந்தக் காட்டு ஓரத்திலும் தனியாக உட்காராதீர்கள். காட்டுமாடு இருட்டில் சத்தமே இல்லாமல் பத்தடி தூரத்துக்கு வந்துவிடும். தங்கும் வீட்டின் மொட்டை மாடியோ, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு உட்காரும் பூண்டு வயலின் மேல் படியோ போதும். வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

படியின் மேல் பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மூடுபனி முதலில் கட்டுவதும் உறைபனி படிவதும் அங்கேதான். மன்னவனூர்ப் புல்வெளியின் அடிப்பகுதி பார்க்க அகலமாக, வானம் முழுவதும் திறந்து கிடக்கும். ஆனால் 2 மணிக்கு அங்கே கையை நீட்டினால் கை தெரியாது என்ற நிலை வரலாம். அதே நேரம் முப்பது நாற்பது மீட்டர் மேலே சரிவில் இருப்பவருக்கு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். மாலையில் மஞ்சு மூடிவிட்டது என்று நம்பிக்கை இழக்க வேண்டாம். பகலில் சமவெளிக் காற்று சரிவேறி வந்து மேகமாகிறது, இருட்டிய பிறகு அந்த ஓட்டம் நின்றுவிடும். 11 மணிக்கு மேல் வானம் திறப்பது இங்கே அடிக்கடி நடப்பதுதான்.

படுத்துக்கொண்டு பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தை வளைத்தால் ஒரு மணி நேரம் தாங்காது. கீழே தார்ப்பாய், அதன் மேல் தடித்த ஃபோம் மெத்தை, அதன் மேல் தூங்கும் பை. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழே தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிடக் கீழே ஒன்று விரிப்பது பலன் தரும். கம்பளித் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை செல்பேசித் திரையைப் பார்த்தால் அந்த அரை மணி நேரம் வீண். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கதிர்ப்புள்ளியையே உற்றுப் பார்க்காதீர்கள். அங்கே எரிமீன்கள் குட்டையாக, நம்மை நோக்கி வருவதுபோல இருக்கும். அதிலிருந்து 40 டிகிரி வாக்கில் தள்ளி, தரையிலிருந்து 50 டிகிரிக்கு மேலே பாருங்கள்.

இப்போது எண்ணிக்கை. "நேற்று ராத்திரி நூறு பார்த்தேன்" என்பதில் அறிவியலுக்கு ஒன்றும் இல்லை. எத்தனை மணி நேரம், எவ்வளவு இருட்டு, எவ்வளவு மேகம், கதிர்ப்புள்ளி எந்த உயரம் என்ற நான்கும் சேர்ந்தால் அதே நூறு உலகத் தரவாகிறது. 1988 முதல் இயங்கும் பன்னாட்டு எரிமீன் அமைப்பு, ஐஎம்ஓ, யார் அனுப்பினாலும் அப்படிப்பட்ட பதிவை வாங்கிக்கொள்கிறது. தென்னிந்திய நேரத்தில் கண்விழித்து எண்ணுகிறவர்கள் குறைவு. ஐரோப்பாவில் பகலாக இருக்கும்போது உச்சம் வந்தால் நம் எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம்.

வேலை எளிது. ஒலிப்பதிவுக் கருவியை ஓட விடுங்கள் (செல்பேசி என்றால் பதிவை ஓடவிட்டுத் திரையைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள்). எரிமீன் தெரிந்தவுடன் இரண்டு சொல் போதும்: "ஜெம், இரண்டு". முதல் சொல் அது ஜெமினிட்தானா என்பதற்கு. வந்த கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்தில் முடிய வேண்டும், வேகமும் நடுத்தரமாக, நிதானமாக இருக்க வேண்டும். ஜெமினிட் வினாடிக்கு 35 கிலோமீட்டரில் வருகிறது. பெர்சீட் 59, லியோனிட் 71. கோடு சரியாக இருந்து வேகம் கண் சிமிட்டலாக இருந்தால் அது வழிப்போக்கன், "இதர" என்று சொல்லுங்கள். எந்த இருண்ட இரவிலும் மணிக்கு ஐந்து முதல் பத்து இப்படி வரும்.

இரண்டாவது சொல் பிரகாசம், எண் சிறியதாக ஆக ஆக ஒளி கூடும். ஒப்பிட நட்சத்திரம் வேண்டும். ரோகிணி 0.9, புனர்பூசத்தின் இரண்டில் ஒன்று 1.1, மற்றது 1.6, ஓரியன் இடுப்புப்பட்டையின் நடு நட்சத்திரம் 1.7. துருவ நட்சத்திரம் 2.0 என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் நமக்கு அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான். அவ்வளவு தாழ்வில் காற்று அதை மங்கலாக்கிவிடுகிறது, அளவுகோலாக வைக்க வேண்டாம். வட நாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் அளவு, அதாவது எல்லைப் பிரகாசம், மணிக்கு ஒரு முறையாவது குறிக்கப்பட வேண்டும். ஐஎம்ஓ வானில் 30 பகுதிகளை வரையறுத்திருக்கிறது. ஒரு பகுதிக்குள் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி அட்டவணையில் பார்த்தால் அளவு கிடைக்கும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். இசட்எச்ஆர் என்பது வானம் 6.5 வரை தெளிந்து, கதிர்ப்புள்ளி தலைக்கு நேர் மேலே இருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரியக்கூடிய எண்ணிக்கை. நாம் எண்ணியதை, 6.5-க்கு நம் வானம் எவ்வளவு குறைவோ அத்தனை அடுக்கில் 2.6-ஐ உயர்த்திப் பெருக்கி, கதிர்ப்புள்ளி உயரத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 2.6 என்பது ஜெமினிட்டுக்கான எண், பெர்சீட்டுக்கு 2.2. அதிகாலை 2 மணிக்கு, எல்லை 6.0, ஒரு மணி நேரத்தில் 50 என்றால்: 50 பெருக்கல் 1.61 வகுத்தல் 0.92, விடை சுமார் 87. அதே 50-ஐ இரவு 10 மணிக்கு எண்ணியிருந்தால் வகுக்கும் எண் 0.45, விடை 179. எண்ணிக்கை ஒன்றுதான், பொருள் இரண்டு மடங்கு வேறு. இன்னொரு பக்கம் பாருங்கள்: இசட்எச்ஆர் 150 உள்ள உச்ச நேரத்தில், எல்லை 6.5 உள்ள இருண்ட சரிவில் மணிக்கு 138 தெரியும். விளக்குகளுக்கு நடுவே எல்லை 5.0 என்றால் 33. ஊரைவிட்டு ஒரு மணி நேரம் மேற்கே போவது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

பார்வைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மேகம் என்றால் விடையை 1.25 ஆல் பெருக்கலாம். அதற்கு மேல் மேகம் வந்தால் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். காப்பி குடித்த ஐந்து நிமிடத்தையும் நேரத்திலிருந்து கழித்துவிடுங்கள். பதிவை அனுப்பும்போது யுடி, அதாவது உலகப் பொது நேரம் கேட்பார்கள், நம் நேரத்திலிருந்து 5.30 மணி கழிக்க வேண்டும். டிசம்பர் 15 அதிகாலை 1.30 என்பது யுடியில் டிசம்பர் 14, 20.00. தேதியை மாற்ற மறப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, ஓர் இரவு முழுவதையும் அது கெடுத்துவிடும்.

படம் எடுக்கிறவர்களுக்குச் சுருக்கமாக. 14 முதல் 24 மில்லிமீட்டர் லென்ஸ், துளை எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம், ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி, இடைவெளி ஒரு வினாடி, தொடர்ந்து சுடட்டும். எரிமீன் ஒவ்வொரு பிக்சலையும் நொடியின் சிறு பகுதியில் கடந்துவிடுவதால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது அதைப் பிரகாசமாக்காது, பின்னணியைத்தான் வெளுக்கும். இங்கே படத்தைக் கெடுப்பது பனி. லென்ஸின் முன் கண்ணாடியில் அரை மணிக்குள் ஈரம் படிந்துவிடும், திரையில் பார்த்தால் நட்சத்திரங்கள் பஞ்சாகத் தெரியும்வரை நமக்குத் தெரியாது. யுஎஸ்பியில் இயங்கும் சூடேற்றும் பட்டையை லென்ஸில் சுற்றிப் பவர் பேங்க்கோடு இணையுங்கள். பனி படிந்த பிறகு துடைப்பதில் பயனில்லை. முதலிலேயே சூடேற்ற வேண்டும்.

முழுவதும் மூடிவிட்டால் எஃப்எம் ரேடியோ இருக்கிறது. உள்ளூர் நிலையம் எதுவும் கேட்காத அலைவரிசையில் வைத்துக் காத்திருங்கள். எரிமீன் மேலே விட்டுச்செல்லும் மின்னேறிய தடம் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தின் அலையைத் திருப்பி அனுப்பும்போது, இரைச்சலுக்கு நடுவே ஒரு நொடி பாட்டோ பேச்சோ கேட்டு மறையும். கொடைக்கானல் எஃப்எம் 100.5-இன் கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்களின் ரேடியோ அந்த அலையால் திணறும், குன்றின் மறுபக்கம் போய் முயன்று பாருங்கள்.

பொழிவைப் பார்த்தவர்கள் அடுத்த நாள் காலையில் கல் தேடிப் போவதுண்டு. கிடைக்காது. பொழிவுகளில் வருவது பெரும்பாலும் வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற மணல் அளவுத் துகள், 80 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடும். ஜெமினிட்டின் தாய் 1983-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற பாறைக்கோள். அதன் துகள்கள் கெட்டியானவை, ஆனாலும் தரையைத் தொட்டதாகக் கையில் ஒரு கல்லும் இல்லை. "அந்த மலைக்குப் பின்னாலதான் விழுந்துச்சு" என்று தோன்றும் தீக்கோளமும் அப்படித்தான். 80 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது 10 டிகிரி உயரத்தில் தெரிந்தால் அது 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மன்னவனூர் மேட்டிலிருந்து மேற்கே பார்த்தால் அது அரபிக்கடல். ஒளி அணைந்து ஒன்றரை நிமிடம் கழித்து இடிபோல ஒலி கேட்டால்தான் எழுந்து உட்கார வேண்டும். நொடிக்கு மூன்றில் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் அது 30 கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறது.

உண்மையான கல் இந்த மலையில் கிடைத்ததுண்டு. 1898-இல் கண்டெடுக்கப்பட்ட கொடைக்கானல் விண்கல் சுமார் 16 கிலோ எடையுள்ள இரும்பு. அறிவியலாளர்கள் அதை ஐஐ-ஈ என்ற அரிய வகையில் சேர்த்திருக்கிறார்கள். இரும்புக்குள் சிலிகேட் கனிமத் துண்டுகள் பதிந்திருக்கின்றன, அவற்றின் வயது சுமார் 370 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்துக்கு வயது 456 கோடி. எல்லாம் இறுகிப்போய் இவ்வளவு காலம் கழித்து அந்தத் துண்டுகளை மறுபடி உருக்கியது எது என்பது இன்னும் பேசப்படும் கேள்வி. விண்கற்களுக்கு அவை விழுந்த அல்லது கிடைத்த இடத்தின் பெயரைச் சூட்டுவது மரபு. இந்த மலையின் பெயர் உலகம் முழுவதும் விண்கல் பட்டியல்களில் இருக்கிறது என்பது மகிழ்ச்சியான செய்தி.

நீங்கள் கண்டெடுத்த கறுப்புக் கல் அதன் தம்பியா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். கல்லைக் காயவைத்து எடை போடுங்கள். தராசில் பாதி நீர் நிரம்பிய டப்பாவை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். 312 கிராம் கல், காட்டியது 90 என்றால் அடர்த்தி 3.47. சாதாரண விண்கல் 3.3 முதல் 3.7 வரை இருக்கும், இரும்பு விண்கல் 7.8 வாக்கில். இந்த மலையின் பாறை சார்னோக்கைட், அது 2.7 பக்கம். பிறகு பூச்சு இல்லாத டைல்ஸின் பின்புறத்தில் உரசுங்கள். செந்நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. உடைந்த பக்கத்தில் காற்றுக்குமிழித் துளைகள் தெரிந்தால் அது இரும்புக் கிட்டம், பழைய உலைகளின் கழிவு. தமிழ்நாட்டில் விண்கல் என்று வருபவற்றில் நிறைய இதுதான். காந்தத்தைக் கல்லில் ஒட்ட வைக்காதீர்கள். சிறு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அருகில் கொண்டுபோனால் சாய்கிறதா என்பது தெரிந்துவிடும். வலிமையான காந்தம் தொட்டால் கல் தன்னுள் வைத்திருக்கும் ஆதிகாலக் காந்தப் பதிவு அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

எல்லாச் சோதனையையும் தாண்டினால் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ், தேதி, ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்த படம் மூன்றையும் சேர்த்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். நாட்டில் விழும் விண்கற்களின் பாதுகாவலர் அந்தத் துறைதான். 2022 ஆகஸ்ட் 17-இல் குஜராத்தின் தியோதர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை டைல்ஸை உடைத்துக்கொண்டு விழுந்த கல், உலகிலேயே அரிதான ஆப்ரைட் வகை. வீட்டுக்காரர்கள் அதைப் பொறுக்கி வைத்து ஒப்படைத்ததால்தான் இன்று அதைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. புதிதாக விழுந்த கல்லை வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றுங்கள், கழுவ வேண்டாம்.

காத்திருக்காமல் விண்வெளிப் பொருளைத் தேட நுண் விண்கல் இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த ஜாஸ் இசைக்கலைஞர் யோன் லார்சன் நகரத்துக் கூரைகளிலும் இது கிடைக்கும் என்று காட்டினார், 2017-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று விழுகிறது, அளவு கால் மில்லிமீட்டர் பக்கம். தரை மண்ணில் தேடாதீர்கள். சார்னோக்கைட் சிதைந்து வரும் கறுப்பு மணலில் மேக்னடைட் நிறைய, காந்தம் அதிலேயே நிரம்பிவிடும். தகரக் கூரையும் ஆகாது, துரு கொட்டும். பல ஆண்டு பெருக்காத கான்கிரீட் மாடியின் தண்ணீர் வெளியேறும் மூலை, அல்லது வடிகுழாயின் அடியில் தங்கிய வண்டல்தான் இடம்.

இரண்டு கிலோ வண்டலை வாளியில் போட்டுச் சோப்புத்தூள் சிட்டிகை சேர்த்துக் கலக்கி, மிதக்கும் சருகையும் கலங்கலையும் ஊற்றிவிடுங்கள். தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை. வெயிலில் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதைத் தள்ளி, பிறகு 0.4 மில்லிமீட்டர் சல்லடையைக் கடந்து 0.15-இல் நிற்பதை எடுங்கள். நியோடிமியம் காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் வைத்து மேலே இழுங்கள், பையை உள்வெளியாகத் திருப்பினால் ஒட்டியது தாளில் கொட்டும். தாளைச் சற்றே சாய்த்துத் தட்டினால் உருண்டைகள் உருண்டு ஓடும், கோணல் மணல் அங்கேயே நிற்கும். 40 மடங்கு நுண்ணோக்கியில் மேலிருந்து ஒளி பாய்ச்சி, ஈரப் பல்குத்தியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.

பளபளவென்று கண்ணாடிபோல வழவழப்பாக, ஒரு துளையோடு உள்ளே வெற்றாக இருப்பவை வெல்டிங் பொறி. தீபாவளி மத்தாப்பும் இதேபோல உருண்டை போடும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் எடுத்த வண்டலை நம்பாதீர்கள். உண்மையான நுண் விண்கல் கறுத்து மங்கலாக, மேற்பரப்பில் சீப்புப் பல்போல மெல்லிய இணை வரிகளோடு இருக்கும். சிலவற்றில் ஒரு ஓரத்தில் நிக்கல்-இரும்பு மணி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், விழும்போது கனமான உலோகம் முன்பக்கம் நகர்ந்து உறைந்தது. ஆயிரம் உருண்டை பார்த்து ஒன்று தேறினால் நல்ல அறுவடை. உறுதி சொல்ல மின்னணு நுண்ணோக்கிப் பகுப்பாய்வு வேண்டும், அதுவரை "சந்தேகம்" என்றே பெயர் எழுதுங்கள். எந்த மாடி, எந்தத் தேதி, எத்தனை சதுர மீட்டர் என்பதும் கூடவே. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துத் தேதியிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பழைய தட்டுகளை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.

விலைக்கு வாங்குகிறவர்கள் பெயர், எடை, வகை மூன்றையும் கேட்டு, விண்கல் பன்னாட்டுத் தரவுத்தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்ஷ்டம், சக்தி என்று பேசுகிறவரிடம் வாங்காதீர்கள். மலையில் இரும்பு விண்கல் வைத்திருப்பது தனிப் பாடு. அர்ஜென்டினாவின் கேம்போ டெல் சியேலோ துண்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் விரிசல்களில் குளோரைடு இருக்கும். கொடைக்கானல் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் ஆரஞ்சு நிற வியர்வை கசியும், பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். தொடும்போது கையுறை போடுங்கள், 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவையுங்கள். ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் 50 கிராம், கூடவே ஈரங்காட்டும் அட்டை. அட்டை 40 விழுக்காட்டைத் தாண்டினால் ஜெல்லை எடுத்து 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஐப்பசி மழையில் இதை மாதம் இருமுறை செய்ய வேண்டியிருக்கும், தை பிறந்த பிறகு ஒரு முறை போதும்.